கீழ்க்கோடிப் புத்தகம்

ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் சங்க மலருக்கு ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் திருடனைப் பிடித்ததை எழுதுவார்கள். நான் பிடித்த திருடர்கள் எல்லாரும் சின்னத் திருடர்கள். ஒருவன் கோழி எடுத்தான். ஒருவன் கிணற்று மேட்டில் நீர் இறைக்கும் கவலைக் கயிறு எடுத்தான். அதில் எழுத ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்திருந்தார். பாயின்ட் புத்தகத்தை எடுத்துவிடப் போவதாகப் பேச்சு இருக்கிறது என்றார். அதனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் நாலாவது வரை படித்தவன். சுருக்கமாகத்தான் வரும்.

ஊர் நாமக்கல் பக்கம். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தது. சேலத்தில் உயரமும் மார்பும் அளந்து சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் டிரில். பிறகு எடப்பாடிக்கும் சங்ககிரிக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷனில் போட்டார்கள். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அங்கே எனக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். 412.

பாயின்ட் புத்தகம் என்பது இதுதான். ஒரு போலீஸ்காரனுக்கு வாரம் ஒரு நாள் இன்னின்ன தெரு, இன்னின்ன ஊர் என்று சுற்று உண்டு. சுற்றின் ஒவ்வொரு கோடியிலும் நம்பிக்கையான ஒரு வீட்டில் ஒரு புத்தகம் இருக்கும். போலீஸ்காரன் அங்கே போய்த் தேதி, நேரம், பார்த்தது என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் வீட்டுக்காரர் ஒரு குறி வைக்க வேண்டும், கைநாட்டோ எழுத்தோ. வருஷம் முடிந்தால் புத்தகம் ஸ்டேஷனுக்கு வந்து பரணில் ஏறும். போலீஸ்காரன் உண்மையாகவே போனான் என்று காட்டுவதற்குச் சர்க்கார் செய்த ஏற்பாடு. சர்க்கார் எங்களை அவ்வளவு நம்பியது.

நம்பாதது சரிதான். முதல் வருஷம் ஒரு நாள் வெயிலுக்குச் சோம்பிக்கொண்டு, ஆற்றின் இந்தக் கரையிலேயே உட்கார்ந்து, அக்கரைப் புத்தகத்திலும் எழுதிவிட்டேன். அந்த வீட்டுக்காரர் புத்தகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார், வசதியாகப் போயிற்று. மதியம் இரண்டு மணி, ஊர் அமைதி என்று எழுதினேன். அன்று காலையே மேற்கே மழை பெய்து சரபங்கா ஆற்றில் வெள்ளம். பன்னிரண்டு மணியிலிருந்து இருட்டும் வரை ஒருத்தரும் ஆற்றைத் தாண்டவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார், “நீ எப்படிடா போனே, பறந்தா?” ஏழு நாள் சித்திரை வெயிலில் பொதியோடு டிரில். அதன் பிறகு போகாத இடத்துக்குப் போனதாக ஒரு வரி எழுதியதில்லை. பயம்தான் காரணம். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

கீழ்க்கோடிப் புத்தகம் ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர் வீட்டில் இருந்தது. அவர் என்னை வாசலில் நிறுத்திவைத்து, செக்கு ஒரு ஆட்டம் முடிந்த பிறகுதான் புத்தகத்தை எடுப்பார். எடுத்தால் எண்ணெய்க் கை. ஒரு நாள் புத்தகம் முழுக்க எண்ணெய். சப்-இன்ஸ்பெக்டர் புதுப் புத்தகம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போனபோது செக்கு வீடு பூட்டியிருந்தது. எதிரே சென் கடை திறந்திருந்தது.

சென் சீனாக்காரர். பல் கட்டுகிறவர். மேட்டூர் அணை கட்டும்போது கல்கத்தாவிலிருந்து வந்தார். அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள், பல்வலியும் அதே கணக்கு. அணை முடிந்ததும் கூட்டம் கலைந்தது. சென் எங்கள் ஊருக்கு வந்து நெசவாளர் தெருக் கோடியில் ஒரு அறை பிடித்தார். வாசலில் பலகை. அதில் எழுத்து இல்லை, ஒரு பெரிய பல் மட்டும் வரைந்திருக்கும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல்லைக் காவியாக்கிவிடும், நாற்பது வயதில் ஆட்டம் கொடுத்துவிடும். அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மெழுகில் அச்செடுப்பார், மாவில் வார்ப்பார், சிவப்பு ரப்பரில் அண்ணம் செய்து பல் பதிப்பார். எடப்பாடியில் செல்லம்மாள் என்ற நெசவுக் குடும்பத்துப் பெண்ணைச் சேலத்தில் பதிவு செய்து கல்யாணமும் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள்.

அவர் கடையில் மேசை இருந்தது. மை இருந்தது. கை சுத்தமாக இருந்தது. இந்த வாரம் மட்டும் புத்தகம் உங்களிடம் இருக்கட்டும் என்றேன். “இருக்கட்டுமுங்க” என்று இழுப்பறையில் வைத்தார். தன் குறியாகச் சீன எழுத்தில் பெயர் போட்டார். மூன்றே கோடு மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வாரம் ஐந்து வருஷமாயிற்று.

புத்தகம் அயல்நாட்டார் வீட்டில் இருக்கக் கூடாது. அது எழுத்தில் உள்ள விதி. எனக்குத் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள், மாறினார்கள். அட்டையில் கீழ்க்கோடி என்று இருக்கும். கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உலகச் சண்டை வரும் சமயத்தில் அயல்நாட்டார் எல்லாரும் ரிஜிஸ்தரில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது.  புத்தகத்தைச் சத்தமில்லாமல் எடுத்து மணியக்காரர் வீட்டுக்கு மாற்றினேன். சென், செல்லம்மாள் இருவரையும் பதிவதற்கு ஸ்டேஷனுக்கு அழைத்துவந்ததும் நான்தான். சட்டப்படி புருஷன் எந்த தேசமோ பெண்சாதியும் அந்த தேசம். ரைட்டர், செல்லம்மாள் பெயருக்கு நேரே தேசம் சீனா என்று எழுதினார்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டது. “ஏனுங்க, சீனா எந்தப் பக்கமுங்க? கெழக்கயா, மேக்கயா? நான் சேலத்தையே ரெண்டு தடவதான் பாத்திருக்கறேன்.”

ரைட்டர் நிமிரவில்லை. இது சட்டம் அம்மா என்றார்.

“எடப்பாடியில எங்கப்பன் ஊட்ல பொறந்தேன். அந்த ஊடும் சீனாவுலதான் இருக்குதுங்களா?”

ரைட்டர் மை ஒற்றினார்.

அதிலிருந்து சென் வாரம் ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வந்து முகம் காட்ட வேண்டும். வெளியூரில் இராத் தங்க வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். செல்லம்மாளின் அக்காளை மல்லசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காளுக்குப் பிரசவம் என்றால் இந்தப் பெண் ஸ்டேஷன் வாசலில் சீட்டுக்கு நிற்கும். சப்-இன்ஸ்பெக்டர் கேம்ப் போயிருந்தால் அவர் வரும் வரை நிற்கும். ஒரு தடவை சீட்டு கிடைத்துப் போவதற்குள் பிள்ளை பிறந்து பெயரும் வைத்துவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிற்று. நான் கேட்டுக்கொண்டேன்.

இப்படி மூன்று வருஷம் போனது. பிறகு ஒரு கடுதாசி வந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கும் குடியிருப்பு அனுமதி, பங்குனிக்குப் பிறகு புதுப்பிக்கப்படும் என்று சொல்ல முடியாது. அவருடைய ஊர் ஜப்பான்காரன் கையில். கப்பல் கிடையாது. குடும்பத்தோடு வடக்கே எங்கேயோ ஒரு முகாமுக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு. பெரிய பெண் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தது.

திருச்செங்கோட்டில் ஒரு வக்கீல் வழி சொன்னார். நெடுநாள் ஒழுங்காகக் குடியிருந்தவர்கள் இந்த நாட்டு ஆளாகவே தன்னைப் பதிந்துகொள்ள விண்ணப்பம் போடலாம். கிடைத்தால் நிரந்தரம். அனுமதி, சீட்டு, முகம் காட்டுவது எதுவும் இல்லை. பெண்சாதி பிள்ளைகளும் கூடவே சேர்ந்துவிடுவார்கள். நிபந்தனைகள் மூன்று. நல்ல நடத்தை. இந்தப் பக்கத்துப் பாஷை தெரிய வேண்டும். கடைசி எட்டு வருஷத்தில் ஐந்து வருஷமாவது இங்கே இருந்திருக்க வேண்டும்.

சென் விண்ணப்பம் போட்டார். எங்கெங்கே எத்தனை நாள் இருந்தார் என்று எழுத ஒரு பகுதி. அதில், ஒரு வருஷம் ஆடியிலும் ஆவணியிலும் ஐந்து வாரம் கல்கத்தா, அண்ணன் சாவு, மற்றபடி இதே வீடு என்று எழுதியிருந்தார். விண்ணப்பம் சேலம் போய், சங்ககிரி சப்-கலெக்டரிடம் விசாரணைக்கு வந்தது. போலீஸ் அறிக்கை பதினைந்து நாளில் வேண்டும் என்று எங்கள் இன்ஸ்பெக்டருக்கு எழுதினார்கள்.

அதே வாரம் ஒரு மொட்டை மனு வந்தது. இந்தச் சீனாக்காரர் சண்டைக்கு முந்தின வருஷங்கள் எல்லாம் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் இருந்தவர், ரிஜிஸ்தர் போடும்போதுதான் ஊருக்கு வந்தார், ஊரார் சொல்வது எல்லாம் பல்லுக்காகச் சொல்வது. எழுதியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அந்த அறையின் மேல் இரண்டு பேருக்குக் கண் இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

ரிஜிஸ்தர் மூன்று வருஷத்துக்குத்தான் சாட்சி. இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேண்டும்.

இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆபீசில் உட்கார மாட்டார். மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே படிப்பார், நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார். அவர் நிற்பதால் நாங்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. எந்தக் காகிதத்தையும் படித்து முடித்துவிட்டுத் திருப்பி வெறும் பக்கத்தையும் பார்ப்பார். “எழுதாதது நடக்கலை” என்பது அவர் பேச்சு. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார்.

ஊர் விசாரணையை என்னிடம் கொடுத்தார். பழைய ஆள், சுற்று தெரிந்தவன் என்று. நான் பதினோரு பேரிடம் வாக்குமூலம் வாங்கினேன். எல்லாரும் சென் இங்கேதான் இருந்தார் என்றார்கள். எந்த வருஷம் என்றால் ஒருவருக்கும் நிச்சயமில்லை. மாடு செத்த வருஷம், தறி வாங்கின வருஷம் என்றார்கள். இன்ஸ்பெக்டர் ஊருக்கே வந்து விசாரித்தார். அன்று பெரிய தறிக்காரர் ஒருவர் பொறுமை இழந்து வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பல் இல்லாமல் பேசியது பாதிதான் புரிந்தது. அதைச் செய்து எட்டு வருஷம் ஆகிறது, வேண்டுமானால் அதையே கேளுங்கள் என்கிறார்.

இன்ஸ்பெக்டர் பல் செட்டைப் பார்த்தார். பென்சிலால் திருப்பி அடிப்பக்கமும் பார்த்தார்.

“நல்ல வேலைதான் ஐயா. ஆனால் இதில் தேதி இல்லையே” என்றார்.

காகிதம் வேண்டும், பழைய தேதி போட்ட காகிதம் வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். இன்னும் ஆறு நாள்.

அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டேஷன் பரணில் இருக்கிறது. ஐந்து புத்தகம். வாரா வாரம் தேதி, நேரம், என் கையெழுத்து, பக்கத்தில் அந்த மூன்று கோடு.

எனக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. ஏட்டு வேலைக்குப் போகும் பட்டியலில் என் நம்பர் மேலிருந்து இரண்டாவது. ஏட்டாக ஓய்வு பெறலாம். வீட்டில் அதைச் சொல்லியும் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். சென்னிடமும் போகவில்லை. அவருக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் இல்லாமல் இருக்காது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. முகம் காட்டும் நாளன்று ஸ்டேஷனுக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், போய்விட்டார். என்னிடம் கேட்டிருந்தால் நான் கோபித்துக்கொண்டு மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் சங்ககிரி போனேன். இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். சல்யூட் அடித்துச் சொன்னேன்.

“காகிதம் இருக்குதுங்க. கீழ்க்கோடிப் பாயின்ட் புத்தகம். அஞ்சு வருசம் சென் ஊட்லதான் வெச்சிருந்தேனுங்க.”

அவர் கையிலிருந்த பென்சிலை மேசையில் மற்றப் பென்சில்களோடு ஒரு வரிசையாக வைத்தார். வெகு நேரம் அதைச் சரி செய்துகொண்டிருந்தார். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதும். நீரே எழுதும். ரைட்டர் வேண்டாம்.”

நின்றுகொண்டே எழுதினேன். ஏழு வரி வந்தது. கொடுத்தேன். படித்தார். திருப்பி வெறும் பக்கம் பார்த்தார். மறுபடி படித்தார். ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். விதி தெரியாமல் வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன்.

“தெரியாமலா, ஃபோர் ட்வெல்வ்?”

பேனாவை வாங்கித் தெரியாமல் என்பதை அடித்தேன். தெரிந்தே என்று மேலே எழுதினேன். அடித்தலுக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். “இதற்குத் தண்டனை உண்டு. இந்த மனுஷருக்கு நல்லது நடந்தாலும் உண்டு. புரிகிறதா?”

“புரியுதுங்க.”

“புத்தகத்தை எடுத்து வாரும்.”

பரணில் கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. புத்தகங்கள் தப்பியிருந்தன. முதல் புத்தகத்தின் அட்டையில் இன்னும் எண்ணெய் வாசம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. பழைய எண்ணெய்ப் புத்தகத்தைத் தொட்ட கையோடுதான் அன்று இதை வாங்கியிருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் படித்தார். ஒவ்வொரு பக்கமும். நான் எதிரே நின்றேன். கீழ்த்தெரு அமைதி. நாய்க்கடி ஒன்று. நூல் கடையில் வாய்ச்சண்டை. தேர் அன்று கூட்டம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மூன்று கோடு. மூன்றாவது புத்தகத்தின் நடுவில் அவர் விரல் நின்றது. முன்னும் பின்னும் புரட்டினார்.

“இங்கே ஐந்து வாரம் காணோம்.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். சென் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார், செல்லம்மாளும் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டது. புத்தகம் உள்ளே இழுப்பறையில் மாட்டிக்கொண்டது. ஐந்து வாரமும் கீழ்க்கோடி வரை போனேன், பூட்டைப் பார்த்தேன், திரும்பினேன். யாரிடம் சொல்வது? சொன்னால் புத்தகம் எங்கே இருக்கிறது என்று வெளிப்படும்.

“அவர் திரும்பிய பிறகு எழுதியிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?”

“ஆத்து வெள்ளத்துக்கப்புறம் அப்படி எழுதறதில்லீங்க.”

ஆற்று வெள்ளம் என்ன என்று கேட்டார். சொன்னேன்.  சென்னின் விண்ணப்பத்தை எடுத்தார். ஆடி, ஆவணி, ஐந்து வாரம் கல்கத்தா என்று இருந்த இடத்தில் ஒரு விரல் வைத்தார். புத்தகத்தில் வாரங்கள் காணாமல் போன இடத்தில் இன்னொரு விரல் வைத்தார். தேதியைப் பார்த்தார். அதே ஆடி, அதே ஆவணி. சரியாக ஐந்து.

விண்ணப்பம் போனபோது புத்தகம் பரணில் கிடந்தது, சென் அதைப் பார்க்கவில்லை. புத்தகத்தை எழுதியபோது விண்ணப்பம் என்ற பேச்சே இல்லை. இரண்டும் ஒன்றைத்தான் சொல்லின.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். அவர் வந்த எட்டு மாதத்தில் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். “இருந்ததைவிட இல்லாததுதான் ஐயா பெரிய சாட்சி” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

சப்-கலெக்டர் விசாரணை தை மாதம் நடந்தது. சின்ன வயசு அதிகாரி, சென்னப்பட்டணத்தில் படித்தவர், நம் ஜில்லாவுக்குப் புதுசு. ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் வாயில் சென் வேலை. கோட்டை மலை அடிவாரத்தில் புளிய மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார்கள், அதுவும் நன்றாக மென்று.

உள்ளே அதிகாரி முதலில் சென்னிடம் அந்தக் குறியைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். எழுதினார். புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். மொட்டை மனுவை ஓரமாக வைத்தார். பிறகு பாஷைப் பரீட்சை. பத்திரிகை ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். சென் தட்டித் தடவி நாலு வரி வாசித்தார்.  எழுத்துத் தமிழ் அவருக்கு என்னைவிடக் குறைவு.

அதிகாரி பேச்சுக்குப் போனார். இந்த ஊரில் என்ன தொழில் செய்கிறீர், எப்படிச் செய்கிறீர், விளக்கும் என்றார்.

சென் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுங்களா? நம்ம கெணத்துத் தண்ணி இருக்குதுங்களே, அது பல்லுக்கு ஆவாதுங்க. சின்ன வயசுலயே காவி புடிச்சுப் போயிருமுங்க. அவிய வந்து சோறு மெல்ல முடியலீங்கம்பாங்க. நான் மொதல்ல வெரல உட்டு ஈறப் பாப்பனுங்க. அப்பறம் மெழுக உருக்கி...”

நிற்காமல் போனார். தன் முதல் தறிக்காரர் பல்லிலிருந்து மணியக்காரர் பல் வரை. நடுவில் மணியக்காரர் பல்லைக் கழற்றி வைத்த இடம் மறந்து தோட்டம் பூராவும் தேடியதையும் சொன்னார். குமாஸ்தாக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு தடவை குமாஸ்தா பக்கம் திரும்பி என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சென் நிறுத்தினார். கவலையோடு கேட்டார். “ஏனுங்க சாமி, நான் பேசறது உங்களுக்கு வெளங்கலீங்களா? வேணும்னா மெதுவாச் சொல்லட்டுங்களா?”

அதன் பிறகு அதிகாரியும் சிரித்துவிட்டார். பாஷை போதுமானது என்று எழுதினார். யாருக்குப் போதுமானது என்று குமாஸ்தா என் காதில் கேட்டார்.

செல்லம்மாளைக் கூப்பிட்டு உங்கள் தேசம் எது அம்மா என்றார்.

“எடப்பாடிங்க.”

அவர் அதைத் திருத்தவில்லை.

காகிதம் சென்னப்பட்டணம் போனது. மாசி முடிந்தது. பங்குனி பிறந்தது. அனுமதி முடிய ஒன்பது நாள் இருந்தபோது உத்தரவு வந்தது. சென் சங்ககிரியில் சப்-கலெக்டர் முன் நின்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். முத்திரை போட்ட தாளை இரண்டு கையாலும் வாங்கினார். வெளியே வந்ததும் பெரிய தறிக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது, அவருக்கு ஒன்றும் தெரியாது. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

கூட்டம் நகர்ந்ததும் இன்ஸ்பெக்டர் என்னை அவர் ஆபீசுக்கு அழைத்துப் போனார். இரண்டு உத்தரவு வைத்திருந்தார். நின்றுகொண்டே முதலாவதை வாசித்தார். விதியை அறிந்தே மீறிச் சர்க்கார் புத்தகத்தை அயல்நாட்டார் ஒருவர் வீட்டில் வைத்ததற்காக 412-க்குக் கண்டனம், ஏட்டுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். நான் சல்யூட் அடித்தேன்.

“வருத்தமா?”

“இல்லீங்க.” கொஞ்சம் இருந்தது. சொல்லவில்லை.

இரண்டாவதை வாசித்தார். கீழ்க்கோடிப் பாயின்ட் புத்தகம் மணியக்காரர் வீடு தூரமாக இருப்பதால், இன்று முதல் தெருக்கோடியில் குடியிருக்கும் திரு. சென் என்ற இந்நாட்டவர் வீட்டில் வைக்கப்பட வேண்டும். அவர் நம்பிக்கையானவர் என்பதற்கு முந்தைய ஐந்து புத்தகங்கள் ஆதாரம்.

“இப்போது விதி தெரிந்தே வையும்” என்றார்.

மறுநாள் காலை செல்லம்மாள் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. புதுச் சேலை, கையில் மூட்டை, இரண்டு பெண்களும் கூட. ரைட்டர் பழக்கத்தில் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“அதெல்லாம் உள்ளயே வெய்யுங்க. அக்கா ஊட்டுக்கு மல்லசமுத்திரம் போறேன். பத்து நாளு இருப்பேன், இல்லாட்டி இருவது நாளு இருப்பேன். சீட்டுக் கேக்க வரல. சும்மா சொல்லிப் போட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

சொல்லிப் போட்டு நடுரோட்டில் நடந்து போயிற்று. ரைட்டர் அந்தப் பெயரை ரிஜிஸ்தரில் சிவப்பு மையால் அடித்தார். இரண்டு தடவை அடித்தார்.

என் சுற்று நாள் வியாழக்கிழமை. புதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழ்க்கோடிக்குப் போனேன். சென் அதே இழுப்பறையைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தார். தேதி, நேரம், தெரு அமைதி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவை எடுத்தார். இந்த நாட்டுக்காரர் ஆகிவிட்டீர்களே, இனித் தமிழில் போடுங்கள் என்றேன்.

அவர் யோசித்தார். அதே மூன்று கோட்டைப் போட்டார்.

“அஞ்சு வருசம் எனக்காக நின்னு சாட்சி சொன்னது இதுதானுங்க. வேல முடிஞ்சுதுன்னு மாத்திப் போடலாமுங்களா?”

இரண்டு வருஷம் கழித்து 412 ஆகவே ஓய்வு பெற்றேன். அந்தக் கடைசி நாள் வரை ஒரு வாரமும் விட்டுப் போகவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒரே ஒரு கண்டனம். இப்போதும் யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்துக் காட்டுகிறேன்.